சந்தையைத் திறந்துவிட்டால் போதுமா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில், நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒன்பது மா நிலம், ஏக்கர் கணக்கில் மூன்று. நான் தஞ்சாவூரில் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அறுவடை நாட்களில் ஊருக்கு வந்துவிடுவேன். பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து, "அரசாங்கம் கையை எடுத்தாலே விவசாயி நிமிர்ந்துடுவான் அண்ணே" என்பான். மாமாவோ, "தனியாரை உள்ள விட்டா கோவணம்கூட மிஞ்சாதுடா" என்பார். இந்த வாதம் எங்கள் திண்ணையில் பல வருடமாக நடக்கிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், கணக்குப் பார்த்தும் படித்தும் நான் வந்து சேர்ந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தடையற்ற சந்தை, கட்டுப்பாடு நீக்கம் என்று எதைச் சொல்கிறார்கள்?

வாங்குகிறவரும் விற்கிறவரும் தாங்களே பேசி விலையை முடித்துக்கொள்ள வேண்டும், அரசு விலையிலோ அளவிலோ குறுக்கிடக் கூடாது என்பது தடையற்ற சந்தை. ஏற்கெனவே இருக்கும் உரிமம், பெர்மிட், விலை நிர்ணயம் முதலியவற்றை எடுத்துவிடுவது கட்டுப்பாடு நீக்கம்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் என் பாட்டி ஒன்று சொல்வார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பண்ணையில் இரண்டு மரக்கால் இருக்குமாம். குத்தகை நெல்லை அளந்து வாங்கும் மரக்கால் ஒரு பிடி பெரிசு. கூலி நெல்லை அளந்து போடும் மரக்கால் ஒரு பிடி சிறிசு. அரசு முத்திரை குத்திய எடைக்கல் வந்த பிறகுதான் அந்த ஒரு பிடி வழிக்கு வந்தது. அந்த முத்திரையும் ஒரு கட்டுப்பாடுதான். அதை எடுத்துவிடச் சொல்லி என் தம்பியும் கேட்டதில்லை. ஆகவே கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தக் கட்டுப்பாடு, அதனால் யார் கை ஓங்குகிறது என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

டெல்டாவில் நெல் விலையை யார் வைக்கிறார்கள்?

மத்திய அரசு ஒவ்வொரு பருவத்துக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிக்கிறது. 2025-26க்கு குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையாக 131, 156 ரூபாய் சேர்த்ததால் 2,500, 2,545 என்று வந்தது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாக எடுப்பார்கள். பொது ரகம் மூட்டைக்குச் சரியாக ஆயிரம் ரூபாய், சன்னம் 1,018.

வியாபாரி 60 கிலோ மூட்டைக் கணக்கில் பேசுவார். வயலுக்கே லாரி வரும், கையில் காசு வரும், ஈரத்தைப் பெரிதாகப் பார்க்கமாட்டார். அதற்கு விலையில் பிடித்துக்கொள்வார். அவர் சொல்லும் விலை, பக்கத்தில் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். எங்கள் ஊரில் ஒரு வருடம் நிலையம் திறக்க இரண்டு வாரம் தாமதமானது. அந்த இரண்டு வாரமும் ஒரு விலை. திறப்பதற்காகக் களத்தில் தூற்றும் இயந்திரம் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே அதே வியாபாரி மூட்டைக்கு நூறு ரூபாய் கூட்டிக் கேட்டார். நெல் அதே நெல், வயலும் அதே வயல்.

இங்கே எனக்குத் தெரிந்த பொருளாதாரம் எல்லாம் அந்த நூறு ரூபாயில் இருக்கிறது. விற்கிறவனுக்குப் போக இன்னொரு வாசல் இருந்தால் முதல் வாசலில் மரியாதை கிடைக்கிறது.

விலை பிடிக்கவில்லை என்றால் விற்காமல் இருக்கலாமே? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?

தம்பி வருடா வருடம் கேட்கும் கேள்வி இது. ஒரு குறுவை அறுவடையைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று அவனைப் போன ஐப்பசியில் வரச்சொன்னேன், வந்தான்.

குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வரும். வடகிழக்குப் பருவமழையும் அதே நேரம்தான். வயல் சேறாக இருந்ததால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் இறங்கும். அறுத்த நெல்லைத் தார்ச்சாலை ஓரத்தில் கொட்டினோம். வெயில் வந்தால் விரிப்பதும், மேகம் கறுத்தால் அள்ளித் தார்ப்பாய் போடுவதுமாக நாலு நாள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சில வருடங்களில் மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்து, அதைத் தளர்த்துவார்கள். 2022ல் 19 வரை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் குழு வந்து போய் உத்தரவு வருவதற்குள் பாதி நெல் கைமாறிவிடும்.

அப்பா ஒரு நெல்மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். "டக்"கென்று உடையவில்லை, மெத்தென்று நசுங்கியது. "இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்றார். வெயில் வரவில்லை. ஐந்தாம் நாள் தார்ப்பாயை விலக்கினால் உள்ளே கை வைக்க முடியாத சூடு. குவியலின் அடியில் இருந்த நெல்லில் வெள்ளை நூல் மாதிரி முளை நீட்டியிருந்தது. வியாபாரி வந்து ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு அரிசியைப் பார்த்தார். "கருக்காய் இருக்கு, ஈரம் இருக்கு, முளையும் விட்டுருச்சு. நாளைக்கு வந்தா இந்த விலைகூட வராது தம்பி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாளைக்கு அந்த விலை வந்திருக்காது.

நாங்கள் விற்றோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் லாரியை அடுத்த ஊருக்குத் திருப்பிக்கொள்ள அவரால் முடியும், ஒரு நாள் கூடப் பொறுக்க எங்களால் முடியாது. புத்தகத்தில் சொல்லும் பேரத்தில் இரண்டு பேருக்கும் காத்திருக்கும் சக்தி சமமாக இருக்கிறது. களத்தில் அப்படி இல்லை.

அப்படியானால் எல்லா நெல்லையும் அரசே வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா?

இந்த இடத்தில் மாமாவோடும் எனக்குச் சண்டை வரும்.

ஒரு வருடம் ஒரு கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல் பதினோரு நாள் கிடந்தது. சாக்கு இல்லை என்றார்கள், பிறகு லாரி இல்லை என்றார்கள், பிறகு அடுக்க இடம் இல்லை என்றார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசாமல் தராசில் நெல் ஏறாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. கொடுத்தோம். ரசீது கிடையாது. ராத்திரி மாடு வாய் வைக்காமல் இருக்க அப்பா மூட்டை மேலேயே படுத்துத் தூங்கினார், அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது.

அந்த மழையில் வியாபாரிகள் யாரும் வரவில்லை. எங்களுக்கு இருந்த ஒரே வாசல் அந்த நிலையம். ஒரே வாசலாக இருந்தால் அரசு ஊழியரும் அந்த வியாபாரியைப் போலத்தான் நடந்துகொள்கிறார். தனியார், அரசு என்ற பெயர்ப்பலகையைவிட, விற்கிறவனால் எழுந்து போக முடிகிறதா என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். அடங்கல், சிட்டா ஆகிய நில ஆவணங்கள், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கேட்பார்கள். டெல்டாவில் கோயில் நிலத்திலும் வெளியூர்க்காரர் நிலத்திலும் வாய்ப்பேச்சுக் குத்தகையாக உழுகிறவர்கள் ஏராளம். சிட்டா வேறு பெயரில் இருக்கும். காகிதத்துக்கு அலைய முடியாமல் அவர்கள் வியாபாரியிடம் போடுகிறார்கள், அந்த நெல்லே சுற்றி வேறு ஒருவர் பெயரில் நிலையத்துக்கு வந்துசேரும்.

2020 வேளாண் சட்டங்கள் வந்திருந்தால் விவசாயிக்கு விடுதலை கிடைத்திருக்கும் என்கிறார்களே?

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் அவசரச் சட்டமாக வந்து செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய மூன்று சட்டங்கள் அவை. அரசின் ஒழுங்குமுறைச் சந்தைக்கு வெளியே வரியோ உரிமமோ இல்லாமல் யாரும் வாங்கலாம் என்றது ஒன்று. ஒப்பந்தச் சாகுபடிக்கு வழி செய்தது இன்னொன்று. 1955ன் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் இருந்த இருப்பு வரம்பைத் தளர்த்தியது மூன்றாவது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. டெல்லி எல்லையில் ஒரு வருடம் நடந்த போராட்டத்துக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன.

அந்தச் சட்டங்களுக்குப் பல வருடம் முன்பிருந்தே எங்கள் பக்கம் வியாபாரி வயலுக்கே வந்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார். எங்கள் ஊர் நெல்லில் பாதி அப்படித்தான் போகிறது. ஆக முதல் சட்டம் "விடுதலை" என்று தர வந்தது எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆதரவு விலைக்குக் கீழே வாங்கக் கூடாது என்று ஒரு வரி அதில் இருந்திருந்தால் நானும் ஆதரித்திருப்பேன். அது இல்லை. தகராறு வந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது, கோட்டாட்சியரிடம்தான் போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கோர்ட் கதவைச் சாத்துவதை எந்தக் கணக்கில் சுதந்திரம் என்று எழுதுவது?

தம்பி சொல்லும் ஒரு நியாயத்தையும் இங்கே வைக்கிறேன். இந்தியா முழுக்கப் பார்த்தால் ஆதரவு விலையில் அரசுக்கு விற்கிற விவசாயிகள் மிகச் சிலர். மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு 2015ல் கொடுத்த கணக்கு 6 சதவீதம். பஞ்சாப், ஹரியானா, எங்கள் டெல்டா போன்ற சில பகுதிகள் விதிவிலக்கு. மற்றவர்களுக்கு அந்த விலை செய்தித்தாளில் வரும் ஓர் எண். "ஆதரவு விலை நாட்டின் விவசாயிகளைக் காப்பாற்றுகிறது" என்பதும் நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் கதைகளில் ஒன்று. ஆனால் அதற்குப் பரிகாரம் அந்த 6ஐக் கூட்டுவது என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்ட மாநிலம் ஏதாவது உண்டா?

பீகார். 2006ல் ஒழுங்குமுறைச் சந்தைச் சட்டத்தையே ரத்து செய்தது. தனியார் பெரிய சந்தைகளைக் கட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பெரிதாக யாரும் கட்டவில்லை. ஆதரவு விலைக்கு வெகு கீழே அங்கே வாங்கிய நெல்லை லாரியில் ஏற்றிப் பஞ்சாப் மண்டிகளில் ஆதரவு விலைக்கு விற்கிறார்கள் என்ற செய்தி பல வருடம் வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் டீசல் செலவு செய்தும் லாபம் வருகிறது என்றால் அங்கே என்ன விலைக்கு எடுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கட்டுப்பாட்டை நீக்கியதால் நல்லது நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து ரேஷனும் நெல் கட்டுப்பாடும் இங்கே இருந்தன. 1952ல் முதலமைச்சரான ராஜாஜி அந்த ஜூனிலேயே சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பதுக்கியிருந்த நெல் வெளியே வந்தது, பயந்த அளவுக்கு விலை ஏறவில்லை. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் அதே வழியில் நாடெங்கும் தளர்த்தினார். "பெர்மிட், லைசென்ஸ் ராஜ்ஜியம்" என்று ராஜாஜி பின்னாளில் சாடியதும், 1959ல் சுதந்திராக் கட்சி தொடங்கியதும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான்.

1960களின் நடுவில் கட்டுப்பாடு திரும்பி வந்தது. மாவட்டம் தாண்டி நெல்லோ அரிசியோ கொண்டுபோக பெர்மிட் வேண்டும். திருச்சியில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பாட்டி நாலு படி அரிசியைப் புடவைக்குள் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாராம். சோதனைச் சாவடியில் இறக்கிக் கொட்டச் சொல்லிவிட்டார்கள். தன் வயலில் விளைந்ததைத் தன் மகளுக்குக் கொடுக்க முடியாத சட்டம் அது. அந்தக் கட்டுப்பாடு போனதற்காக நான் மனதார சந்தோஷப்படுகிறேன்.

அதே ராஜாஜிதான் அதே 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பண்ணையாளுக்குக் கூலி நிர்ணயம், நினைத்தபோது வெளியேற்றத் தடை. இங்கே சந்தைப் பொருளாதாரத்தின் பெரிய குரல் அவருடையது. அவரே கூலிச் சந்தையை அப்படியே விடவில்லை. தம்பியிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு அது புதுச் செய்தி.

கூலிக்காரர்களுக்கு இந்த விவாதத்தில் இடம் எங்கே?

விவசாயி என்றால் நிலம் உள்ளவன் என்று எடுத்துக்கொண்டே எல்லோரும் பேசுகிறோம். டெல்டாவில் நிலமில்லாதவர்கள்தான் நடுகிறார்கள், களை பறிக்கிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சங்கமாகத் திரண்டு கூலி உயர்வு கேட்ட தகராறில் நடந்தது அது. "கூலி என்பது இரண்டு பேர் சம்மதித்து முடிக்கும் ஒப்பந்தம்" என்று சொல்கிறவர்கள் நாகப்பட்டினம் போகும் வழியில் அந்த ஊரில் இறங்கி நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.

நெல் விலை ஏறினால் எனக்கு லாபம். எங்கள் வயலில் நாற்று பறிக்கும் அக்காவுக்கு, ரேஷன் அரிசி இல்லையென்றால், அதே ஏற்றம் நஷ்டம். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் விலையில்லா அரிசி கிடைப்பதால்தான் "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று அவரால் சொல்ல முடிகிறது. "ரேஷன் அரிசி கொடுத்து ஆளைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று நிலம் வைத்திருப்பவர்கள் புலம்புவதன் உள்ளர்த்தம் இதுதான். வியாபாரியிடம் "முடியாது" என்று சொல்லும் சக்தி எனக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு, அதே சக்தி அவருக்கு வரும்போது நான் முகம் சுளிப்பது தர்மமில்லை.

உரத்தில் கட்டுப்பாடு நீக்கினார்களே, அது என்ன ஆயிற்று?

பாதி நீக்கினார்கள். 2010 ஏப்ரலில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களுக்குச் சத்து அடிப்படையில் மானியம் வைத்து விலையைக் கம்பெனிகளிடம் விட்டார்கள். யூரியாவை மட்டும் தொடவில்லை. இன்றைக்கும் 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டிஏபி 1,350. என்ன ஆகும்? வயலில் யூரியாவையே கொட்டினோம். பயிர் கரும்பச்சையாக நிற்கும், பார்க்க அழகு. புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் அங்கேதான் முதலில் இறங்கும். ஒரு மதகைத் திறந்து பக்கத்து மதகை அடைத்தால் தண்ணீர் எங்கே பாயும் என்று எங்கள் ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்குத் தெரியும், டெல்லியில் இதை யோசிக்கவில்லை.

விவசாயி மானியத்தில் வாழ்கிறான், வருமான வரியும் கட்டுவதில்லை என்பது சரியா?

மானியம் வாங்குகிறோம். உரத்துக்கு, மின்சாரத்துக்கு, விதைக்கு. அதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்தையும் எழுதினால்தான் கணக்கு முடியும்.

2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. உலக அரிசி வணிகத்தில் 40 சதவீதம் வைத்திருக்கும் நாடு கதவைச் சாத்தியதால் வெளியே விலை ஏறியது, உள்ளே அடங்கியது. தடை எடுக்க 2024 செப்டம்பர் ஆனது. விலை விழும்போது "சந்தை அப்படித்தான்" என்கிறார்கள். ஏறும்போது மட்டும் அரசு வருகிறது. இப்படிப் பிடித்தம் ஆவதையெல்லாம் சேர்த்து வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2018ல் ஒரு கணக்கு வெளியிட்டது: 2000த்துக்குப் பிறகான ஆண்டுகளில், மானியத்தையும் கழித்த பிறகு, இந்திய விவசாயி தன் மொத்த வரவில் சராசரியாக 14 சதவீதத்தை இழந்திருக்கிறார். இந்த இடத்தில் தம்பி கட்சிதான் நான். ஏழைக்கு மலிவாக அரிசி கிடைக்க வேண்டும் என்றால் அந்தச் செலவு வரிப்பணத்திலிருந்து வரட்டும், மூன்று ஏக்கர்க்காரன் களத்திலிருந்து வேண்டாம்.

பருத்திக்கும் இதே கதைதானா?

வேறு கதை, கேட்க வேண்டிய கதை. திருவாரூர்ப் பக்கம் சம்பா அறுத்த பிறகு மாசியில் பருத்தி ஊன்றுகிறார்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம் நடக்கும்: ஒவ்வொரு வியாபாரியும் பஞ்சைப் பிரித்துப் பார்த்து, ஒரு சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார். அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. விலை பிடிக்காவிட்டால் விவசாயி மறுக்கலாம். இருபது வியாபாரி வந்தால் இதைவிட நல்ல சந்தை கிடையாது. மூன்று பேர் மட்டும் வந்து, மூன்று சீட்டிலும் ஏறக்குறைய ஒரே விலை இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

2022ல் குவிண்டால் பத்தாயிரத்தைத் தாண்டியது. அதை நம்பி அடுத்த வருடம் கூடுதலாக ஊன்றினார்கள். விலை ஆறாயிரம் சொச்சத்துக்கு வந்துவிட்டது. உலகச் சந்தையின் காற்று வலங்கைமான் வரை அடிக்கும். 2025 ஆகஸ்டில், அமெரிக்கா போட்ட வரியால் தவித்த ஆடைத் தொழிலுக்காக, பருத்திக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியைத் தற்காலிகமாக எடுத்தார்கள். திருப்பூருக்கு அது தேவை என்று எனக்குப் புரிகிறது. ஆனால் பருத்தி ஊன்றியவரிடம் யாரும் கேட்கவில்லை.

பிரிட்டனும் அமெரிக்காவும் தடையற்ற வணிகத்தால்தானே பணக்கார நாடுகள் ஆயின?

எங்கள் கடற்கரையில் நின்றுகொண்டு இதைக் கேட்டால் பதில் காலடியிலேயே இருக்கிறது. நாகப்பட்டினத்திலும், டேனிஷ்காரர்கள் 1620ல் கோட்டை கட்டிய தரங்கம்பாடியிலும் ஐரோப்பியர்கள் வந்து உட்கார்ந்ததற்கு இந்தக் கரையின் துணியும் ஒரு பெரிய காரணம். சாயமும் சித்திரமும் ஏற்றிய சோழமண்டலத் துணிக்கு இங்கிலாந்தில் அவ்வளவு மோகம். அங்கே நெசவாளர்கள் கொதித்ததும் 1700ல் அச்சிட்ட துணி இறக்குமதிக்குத் தடைச் சட்டம், 1721ல் அதை உடுத்துவதற்கே தடை. அந்த மறைப்புக்குப் பின்னால் வளர்ந்து, இயந்திரமும் கைக்கு வந்த பிறகுதான் அவர்கள் உலகத்துக்குத் தடையற்ற வணிகத்தைப் போதித்தார்கள். வெளிநாட்டுத் தானியத்தை வரி போட்டுத் தடுத்த தங்கள் தானியச் சட்டத்தையே 1846ல்தான் ரத்து செய்தார்கள். அமெரிக்காவில் 1791லேயே நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் உள்நாட்டுத் தொழிலைக் காக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி அந்த நாடு உயர்ந்த சுங்கச் சுவருக்குள்தான் வளர்ந்தது.

அவர்கள் போதித்ததை நம் மேல் செய்துகாட்டியதும் உண்டு. 1876ல் பருவமழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது, ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் அரசுப் பணத்தில் 30,000 டன் தானியம் வாங்கினார். தானிய வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கைக்காரரான வைஸ்ராய் லிட்டன் அதைக் கண்டித்தார். அவர் அனுப்பி வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று குறைத்தார். அந்தப் பஞ்சம் பரவிய பகுதிகள் முழுக்கச் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ரயிலும் ஓடியது, தானியமும் நாட்டில் இருந்தது. வாங்கக் காசில்லாதவன் பக்கம் தானியம் போகாது.

நம் நாட்டுக் கதைகள்? 1991க்கு முன் எல்லாம் இருட்டுதானே?

1991ல் அந்நியச் செலாவணி இரண்டு வார இறக்குமதிக்குத்தான் இருந்தது, தங்கத்தை அடகு வைத்தோம். ஜூலை 24 பட்ஜெட்டும் தொழில் உரிமம் நீக்கமும் தேவையாகவே இருந்தன. டெலிபோன் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

ஆனால் நாடு சோற்றில் தன் காலில் நின்றது அதற்கு வெகு முன்னால். 1960களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்தோம். தீவிர வேளாண் திட்டத்துக்கு முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14ல் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறந்ததும் தஞ்சாவூரில்தான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய நெல் ரகத்தையும் நம் ஊர் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து, குறுவைக்கென்று ஏ.டி.டி. 27 என்ற ரகத்தைக் கொடுத்தது. "புது ரகம் போட்டா வாங்க ஆளு இருக்கும்னு தெரிஞ்சதாலதான் போட்டோம்" என்பார் அப்பா. விதை அரசு நிலையத்திலிருந்து வந்தது, ஆபத்தை ஏற்று முதலில் விதைத்தவன் விவசாயி, அரவை ஆலைகள் தனியாருடையவை. தனியே ஒருவருக்கு மாலை போட முடியாது.

தண்ணீரையும் விலை வைத்து விற்கலாம் என்கிறார்களே?

மேட்டூரை ஜூன் 12ல் திறந்தால் கடைமடைக்கு வந்துசேர வாரங்கள் ஆகும். வழியில் காசு உள்ளவன் எடுத்துக்கொண்டால் வேதாரண்யம் பக்கத்து வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் வராது. முறை வைத்துத் தண்ணீர் பங்கிடும் முறைப்பாசனத்தை விலையால் ஈடு செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை.

அரிசி ஏன் 26 கிலோ பையில் வருகிறது?

2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பைக்கட்டு அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதனால் ஒரு கிலோ கூட்டிக் கட்டினார்கள். விதி போடுகிறவர் கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்பதற்காக இதைச் சேர்த்தேன்.

சரி, நாளைக்கே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. ஒவ்வொரு குறுவைக் கிராமத்துக்கும் நடமாடும் நெல் உலர்த்தி. கொள்முதல் நிலையத்துக்கு நிரந்தரக் கூரையும் சிமெண்ட் களமும். குத்தகைக்காரர் பெயரிலேயே அடங்கல். இவற்றில் ஒன்றுக்கும் சித்தாந்தச் சண்டை தேவையில்லை. தம்பியும் மாமாவும் மூன்றுக்கும் தலையாட்டினார்கள்.

பொருளீட்டுக் கடன் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் நெல்லை வைத்து, அந்த ரசீதின் மேல் கடன் வாங்கலாம். போன தையில் சம்பா நெல்லில் நாற்பது மூட்டையை நன்றாகக் காயவைத்துக் கிடங்கில் போட்டோம். கடன் பணத்தில் அறுவடை வண்டிக்கு மணிக்கு இரண்டாயிரத்து ஐநூறு வீதம் பாக்கியைக் கட்டினோம், ஆள் கூலியைத் தீர்த்தோம். மாசியில் வியாபாரி போன் செய்தார். அப்பா, "இப்ப குடுக்கல, பாத்துக்கலாம்" என்றார். சித்திரையில் அவரே மறுபடி கூப்பிட்டு மூட்டைக்கு நூற்று எழுபது ரூபாய் கூட்டிச் சொன்னார். வட்டியும் கிடங்கு வாடகையும் போக மூட்டைக்கு நூற்றிருபது நின்றது. ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாரியை வரச்சொன்னோம்.